தவளையின் இதயத்தில் ஒரு மடல்

பினாங்குத் தீவில், கெலுகோரில் உள்ள பல்கலைக்கழகத்தில் நான் விலங்கியல் கற்பிக்கிறேன். அதிலும் என் பாடம் ரொம்பக் குறுகலானது. மீன், தவளை, பல்லி, ஆமை இவற்றின் இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழி எப்படி இருக்கிறது, ஒன்றுக்கொன்று எப்படி மாறுகிறது என்பது மட்டும்தான். ரத்தம் உள்ளே வருகிற வழிக்குக்கூட வேறொருவர் இருக்கிறார். வெளியில் சொன்னால் சிரிக்கிறார்கள். சூலியா தெருவில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைக்காரர், "டீச்சர், மீன் தலை போடவா, இல்ல இதுக்கும் பாடம் நடத்தப் போறீங்களா?" என்று கேட்பார். "குழம்பை ஊத்துங்கண்ணே, பாடம் அப்புறம்" என்பேன்.

ஆனால் எனக்கு அந்த வழி பிடிக்கும். பசாரில் வாங்கிய கெம்போங் மீனின் செவுளுக்குக் கீழே பார்த்தால் சின்னதாய்ச் சிவப்பாக இதயம் இருக்கும். அதன் முன்னால் பூண்டுப் பல் போல வெள்ளையாக ஒரு குமிழ். இதயம் அழுத்துகிறபோது குமிழ் ஊதி ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். இதயம் ஓய்கிறபோது மெல்லச் சுருங்கி, வாங்கியதைச் செவுளுக்கு விட்டுக்கொண்டே இருக்கும். செவுளில் இருக்கும் நாளங்கள் ரொம்ப மெல்லியவை, நேராக அடி வாங்கினால் தாங்காது. சுறாவுக்கு அதே இடத்தில் வரிசையாகக் கதவுகள். தவளைக்கு வெளியே போக ஒரே குழாய்தான், ஆனால் அதற்குள் சுருண்டு ஓடும் ஒரு மடல் உண்டு. நல்ல ரத்தமும் கெட்ட ரத்தமும் ஒன்றாக வந்தாலும், அந்த மடல் முடிந்தவரை பிரித்து, ஒன்றை உடம்புக்கும் மற்றதை நுரையீரலுக்கும் தோலுக்கும் திருப்பிவிடும்.

மனிதக் கருவிலும் முதலில் ஒரே குழாய்தான். பிறகு நடுவே ஒரு சுவர் சுருண்டு இறங்கி அதை இரண்டாக்குகிறது. உடம்புக்கு ஒன்று, நுரையீரலுக்கு ஒன்று. சிலருக்கு அந்தச் சுவர் இறங்காமலே போய்விடும் என்று வகுப்பின் கடைசியில் ஒரு வரி சொல்வேன். அதற்குள் பிள்ளைகள் பையை மூடிக்கொண்டு எழுந்திருப்பார்கள். நானும் அதற்கு மேல் இழுக்க மாட்டேன்.

என் தம்பிக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து ஒரு பையன் பிறந்தான். தம்பியும் அவன் மனைவியும் டத்தோ கிராமாட்டில் இருக்கிறார்கள். அவளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நான் தனிக்கட்டை. எனக்கென்று இருக்கிற வீடு அவர்கள் வீடுதான்.

எங்கள் குடும்பத்தில் முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, அன்றைக்குத்தான் பிள்ளைக்குப் பேர் வைப்போம். அத்தைக்காரி பிள்ளையை மடியில் வைத்து, காதில் மூன்று தடவை பேரைச் சொல்ல வேண்டும். முதலில் பிள்ளை கேட்க வேண்டும், பிறகுதான் ஊர் கேட்கலாம். அதுவரைக்கும் பையன் வெறும் குட்டிதான். அத்தைக்காரி நான் ஒருத்திதான் என்பதால் அந்த வேலை என் தலையில். அதற்கென்று ஒரு புதுப் புடவை எடுத்து வைத்திருந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பிள்ளை வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் சாப்பாடு தப்பாவ் பண்ணி, பொட்டலமாக எடுத்துக்கொண்டு போனேன். அவள் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கொஞ்சம் குடிப்பான், விட்டுவிடுவான், மூச்சு வாங்குவான், மறுபடி குடிப்பான். தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது, நெற்றியெல்லாம் வேர்வை.

"பாருங்கக்கா, எப்பிடி உழைச்சுக் குடிக்கிறான்னு" என்றாள் சந்தோஷமாக. "இவங்க அப்பா மாதிரி சோம்பேறி இல்ல."

"என்னைய எதுக்குலா இழுக்குற?" என்றான் தம்பி, போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பிள்ளையின் பாதத்தைப் பிடித்தேன். கைக்குழந்தையின் பாதத்தில் நாடியைத் தேடினால்தான் கிடைக்கும். இவனுக்கு நாடி என் விரலை வந்து முட்டியது. விலா ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. மனிதருக்கு வைத்தியம் பார்க்கிறவள் இல்லை நான். ஆனால் உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் வேறெங்கோ வழிந்து ஓடினால் நாடி இப்படித்தான் எகிறும் என்று எனக்குத் தெரியும்.

"கெரேத்தாவை எடு" என்றேன் தம்பியிடம், கார் சாவியை நீட்டி.

"என்னக்கா, சாப்பிட்டுட்டு..."

"எடுன்னா எடேன்டா!"

ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்த டாக்டரம்மா சீனப் பெண். எங்களை உட்கார வைத்து, கையுறைப் பெட்டியின் பின்பக்க அட்டையில் பேனாவால் வரைந்து காட்டினார். ஒரு இதயம், அதிலிருந்து ஒரே ஒரு குழாய். பக்கத்தில் இரண்டு குழாய் வரைந்து, இப்படி இருந்திருக்க வேண்டும் என்றார். ஐயோ, நான் ஒவ்வொரு வருஷமும் பலகையில் வரைகிற படம். கோடுகூட அதே மாதிரி வளைந்திருந்தது.

சுவர் இறங்கவில்லை. ரத்தம் முக்கால்வாசி நுரையீரலுக்குள் பாய்ந்து அதை வெள்ளத்தில் மூழ்கடிக்கிறது. இதயம் களைத்துப்போகிறது. அறுவை செய்து நுரையீரலுக்குத் தனிக் குழாய் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தங்காது. அறுவையைக் கோலாலம்பூரில்தான் செய்வார்கள், நெஞ்சுச் சளி தீர்ந்து அங்கே கட்டிலும் கிடைத்த பிறகு. இவ்வளவையும் டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தம்பி தலையாட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

வெளியே வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்களுக்குத் தெரியும்ல. இது மாதிரி யாருக்காச்சும் இருக்கா? இல்ல, என் பிள்ளைக்கு மட்டுந்தானா?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஏன் இல்ல? தவளைக்கு இருக்கு" என்றேன். "ஒரே குழாய்தான். மழை பேஞ்சா எப்பிடிக் கத்துது, பாத்திருக்கேல்ல?"

ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகு முதல் தடவையாக அவள் சிரித்தாள். "தவளைக் குட்டியா எம்பிள்ளை?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் ஏதோ நல்லது செய்துவிட்ட மாதிரி இருந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் என்றாலே தவளைதான், அதற்குமேல் நான் என்ன சொல்ல. மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இருக்கும்போது தம்பி போன் பண்ணினான்.

"என்னக்கா சொல்லி வச்சிருக்க அவகிட்ட? சைன் பண்ண மாட்டேங்குறா. ஆபரேஷனே வேணாங்குறா."

"நான் என்ன சொன்னேன்?"

"தவளை உசுரோட இருக்குல்ல, அக்காவே சொன்னாங்க, அப்புறம் எதுக்கு எம்பிள்ளைய அறுக்கணும்னு கேக்குறா. நான் என்ன பதில் சொல்றது? எனக்குத் தவளையத் தெரியுமா, எலியத் தெரியுமா? சூசாலா உன்னோட, பெரிய தொல்லை!"

அதற்குள் சொந்தக்காரர்கள் வாட்சப்பில் புகுந்துவிட்டார்கள். அத்தை சொன்னாளாம், இப்படியே இருக்கலாமாம். படித்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒருத்தர் தவளைப் படம் போட்டு அதன் கீழே கை கூப்பியிருந்தார். போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. பாடம் நடத்துகிறவளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு உதாரணம் சொல்கிற வியாதி. டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை, நான் சொன்ன உதாரணத்தை நம்பிவிட்டாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் அவனைக் கோலாலம்பூருக்கு அனுப்ப முடியாது.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று, அவளை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே என் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அன்று வகுப்பில்லை. மருந்து நெடிக்கு அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பதப்படுத்தி வைத்த ஒரு தவளையைத் தட்டில் மல்லாத்தி, நெஞ்சைத் திறந்து, இதயத்திலிருந்து கிளம்பும் குழாயை நீளவாக்கில் கீறினேன். ஆயிரம் தடவை செய்த வேலை. குழாயை விரித்து ஊசி குத்தி நிறுத்தி, பூதக்கண்ணாடியை அவள் பக்கம் திருப்பினேன்.

"உள்ள பாரு. வெள்ளையா, சுருண்டு போகுதே, தெரியுதா?"

"ம். வெங்காயச் சருகு மாதிரி."

"அதுதான் மடல். ஒரே குழாய்தான், ஆனா இது உள்ள நின்னு பிரிச்சு விட்டுடும். அதுவுமில்லாம தவளை தோலாலயும் மூச்சு விடும். தண்ணிக்குள்ள கிடந்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். நம்ம பிள்ளைக்கு இந்த மடலும் இல்ல, அந்தத் தோலும் இல்ல. நான் சொன்னதுல பாதிதான் உண்மைம்மா. மீதிப் பாதிய நான் சொல்லல."

அவள் கண்ணாடியை விட்டு நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இத எடுத்து அவனுக்கு வைக்க முடியாதாக்கா?"

"முடியாது."

"இவ்ளோ சின்னதுதானே. இவ்ளோ பேரு தவளைய அறுக்குறீங்க."

"முடியாதும்மா."

"அப்ப எதுக்குக்கா இதெல்லாம் படிக்கிறீங்க?"

குத்திக்காட்டவில்லை அவள். உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, மானியத்துக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அழகாக எழுதித் தந்திருக்கிறேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று எங்கள் அப்பா என்னைக் கிண்டல் பண்ணுவார். அன்றைக்கு அது கிண்டலாக இல்லை. நான் தவளையை மூடினேன், அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், இருவரும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினோம். போனதும் கையெழுத்துப் போட்டாள்.

அந்தத் தாமதத்தால் ஒன்றும் கெடவில்லை, சளி தீர எப்படியும் காத்திருக்க வேண்டியிருந்தது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

பிறகு காத்திருந்தோம். காத்திருப்பதைத் தவிர வேறு வேலை யாருக்கும் இல்லை. சளி குறைந்தால் அங்கே கட்டில் இருக்காது. கட்டில் வந்தால் இங்கே காய்ச்சல் அடிக்கும். தம்பி எதற்கோ கெரேத்தாவைக் கழுவிக்கொண்டே இருந்தான், எப்போது கூப்பிட்டாலும் கிளம்பத் தயாராக இருக்க வேண்டுமாம். நான் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நின்று திரையில் ஓடும் கோட்டைப் பார்ப்பேன். ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் எந்தப் பக்கம் போகிறது, எவ்வளவு வழிகிறது என்று என் மண்டைக்குள் படம் ஓடும். ஒன்றும் தெரியாமல் நின்றிருந்தால்கூட நிம்மதியாக நின்றிருப்பேன். நர்ஸ் வந்து, "கொஞ்சம் நகருங்கக்கா" என்பார். நகர்வேன். அது ஒன்றுதான் என்னால் ஆன உதவி.

முப்பத்தோராம் நாள் வார்டிலேயே வந்து போனது. ஆஸ்பத்திரியில் பேர் வைக்க வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்யலாம் என்று அவள் சொல்லிவிட்டாள். என்ன பேர் என்பதிலும் அவர்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. அவளுக்கு முருகன் பேர் வேண்டும், தம்பிக்குக் கூப்பிடச் சின்னதாக இருக்க வேண்டும். பிள்ளையின் கட்டிலில் அவன் அம்மாவின் பேரைத்தான் எழுதி மாட்டியிருந்தார்கள், இன்னாரின் குழந்தை என்று. நர்ஸுகள் "தம்பி, தம்பி" என்று கொஞ்சினார்கள். தம்பி என்று யார் கூப்பிட்டாலும் என் தம்பிதான் திரும்பிப் பார்ப்பான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். பிள்ளையை ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள், நாங்கள் பின்னாலேயே கெரேத்தாவில் போனோம். பாலம் தாண்டும்போது அவள் கடலைப் பார்த்துக் கும்பிட்டாள். எந்தச் சாமியை என்று நான் கேட்கவில்லை.

அறுவைக்கு எடுத்துப்போகும் காலையில், கட்டிலை அறைக் கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். அவள் என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"அக்கா, பேர் சொல்லுங்க."

"எந்தப் பேரு? நீங்க இன்னும்..."

"நீங்களே ஒண்ணு வையுங்க. எங்களுக்கு இப்பச் சொல்லாதீங்க. அவன் காதுல மட்டும் சொல்லுங்க. வீட்டுக்கு வந்தப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லலாம். பாக்கி இருக்குன்னு அவனுக்குத் தெரியணும்ல. அதுக்காச்சும் வந்துருவான்."

புதுப் புடவை பினாங்கில் பெட்டிக்குள் கிடந்தது. நான் கசங்கிய சட்டையோடு குனிந்தேன். மடியில் வைக்க வழியில்லை, உடம்பெல்லாம் ஒயர். அவன் காது ரொம்பச் சின்னதாக, சூடாக இருந்தது. மூன்று தடவை சொன்னேன். முருகன் பேர்தான், கூப்பிடவும் சின்னது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் விழித்துக்கொண்டிருந்தான். கதவு திறந்தது, கொண்டுபோனார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். குழாய் பொருந்திவிட்டது, இதயம் தானாகவே துடிக்கிறது. தம்பி சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதான். ஆனால் மறுநாள் நுரையீரலின் நாளங்கள் இறுகிக்கொண்டன. இத்தனை வாரம் வெள்ளத்தில் அடிபட்டவை அவை, எந்த மருந்துக்கும் தளர மறுத்துவிட்டன. புதுக் குழாய் வழியே ரத்தம் போய் மூடின கதவில் மோதி நின்றது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தை நான் மறைக்கவில்லை, மறைக்கத் தோன்றவும் இல்லை.

மத்தியானத்துக்கு முன்னால் பிள்ளை போய்விட்டான்.

பினாங்குக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். வந்தவர்கள் எல்லோரும் "குட்டி" என்றும் "பிள்ளை" என்றும் சொல்லி அழுதார்கள். யாரும் பேரைக் கேட்கவில்லை, பேர் வைக்காத பிள்ளை என்றே நினைத்தார்கள். நானும் சொல்லவில்லை. அவளாகக் கேட்காமல் சொல்ல எனக்கு என்ன உரிமை? வீட்டுக்கு வந்தப்புறம் என்றல்லவா பேச்சு. அந்தப் பேர் எனக்குள்ளேயே இருந்தது. வகுப்பில் பெயர்ப்பட்டியல் வாசிக்கும்போது அதே பேரில் ஒரு மாணவன் வந்தான், அதை விட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டேன். பாடத்தின் கடைசி வரியை இப்போது நான் சொல்வதில்லை. சுவர் எப்போதும் இறங்கிவிடும் என்கிற மாதிரி முடித்துவிடுகிறேன்.

மாதங்கள் போயின. போன வாரம் டத்தோ கிராமாட்டுக்குப் போயிருந்தேன். அவள் சமையலறையில் கெம்போங் மீன் அலசிக்கொண்டிருந்தாள். தம்பி முன் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். செவுளைப் பிய்த்து எடுத்தவள் நிறுத்தி, எதையோ விரல் நுனியில் ஏந்தி என்னிடம் நீட்டினாள்.

"இதுதானேக்கா? போற வழி?"

சிவப்பும், அதன் முன்னால் வெள்ளைக் குமிழும். "ஆமா" என்றேன். "இதுதான்."

அதை அவள் தூக்கிப் போடவில்லை. தட்டின் ஓரத்தில் வைத்தாள். கையை நன்றாகக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் பக்கம் வந்து நின்றாள். அழவில்லை.

"சொல்லுங்கக்கா" என்றாள்.

என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் காதோரம் முடியை ஒதுக்கி, அவனுக்குச் சொன்ன மாதிரியே மூன்று தடவை சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "நல்ல பேரு" என்றாள். பிறகு முன் அறைப் பக்கம் திரும்பி, சாப்பிடக் கூப்பிடுகிற குரலில், தெருவுக்கே கேட்கும்படி அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

தம்பி டிவியை நிறுத்திவிட்டு சமையலறை வாசலில் வந்து எட்டிப் பார்த்தான்.

"யாரைக் கூப்பிடுற?"

"உங்க மகனை" என்றாள்.